முயலுக்கு அரைத்த மசாலா

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். போன வாரங்களில் கேட்டதுதான், இருந்தாலும் ஒவ்வொரு வாரமும் கேட்பதுதான் மரியாதை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். என் கையெழுத்து, வாத்துக் கூட்டம் நடந்துபோன சேறு மாதிரி இருக்கும். எந்தக் கால் எந்தப் பக்கம் போகிறது என்று எனக்கே பிடிபடாது. எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். பத்திரிகை ஆபீசில் இதைப் படித்துப் படித்துத் திருத்தி கம்ப்யூட்டரில் அடிக்கிற தங்கைக்கு, தஞ்சாவூர் வரும்போது வாத்து முட்டை கொண்டுவந்து தருகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

குமார் மிளகு அரைத்துக்கொண்டிருந்தான்.

மன்னார்குடிக்குப் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு மோட்டார் கொட்டகை. சம்பா அறுத்து முடிந்த வயலில் உதிர்ந்த நெல்லைப் பொறுக்கித் தின்றுவிட்டு, எங்கள் வாத்துகள் அப்போதுதான் பட்டிக்குள் நுழைந்திருந்தன. பட்டி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சுற்றிலும் குச்சி நட்டு வலையைக் கட்டினால் அதுதான் பட்டி. பொழுது சாய்கிற நேரம். அறுத்த தாளிலிருந்து ஈர வாசனை வந்துகொண்டிருந்தது.

கொட்டகை வாசலில் யாரோ விட்டுவிட்டுப் போன பழைய அம்மி கிடந்தது. குமார் அதைத் தேய்த்துக் கழுவி, மிளகு, சோம்பு, தேங்காய் எல்லாம் வைத்து இழுத்து இழுத்து அரைத்தான். வாயில் சீட்டி வேறு. அவன் என் மனைவியின் தம்பி. தொழிலில் என் கூட்டாளியும் அவன்தான்.

பக்கத்தில் என் மொபெட் நின்றது. அதில் ஒரு மூங்கில் கூடை. கூடைக்குள் பின்னங்கால் இரண்டும் விளங்காத ஒரு வெள்ளை முயல், மிளகு நெடி தாங்காமல் தும்மியது.

“மாமா, இதோ ஆச்சு. நீங்க அதுக்குள்ள அதை ரெடி பண்ணுங்க” என்றான் குமார்.

‘அதை’ என்றால் முயலை.

நான் ஏதாவது சொல்லியாக வேண்டும். எனக்கு வாய் வரவில்லை.

நான் அப்படித்தான். பஸ்ஸில் என் ஸ்டாப் வந்தால்கூடக் கத்திச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிறவன். பெண் பார்க்கப் போனபோது வசந்தா உள்ளே அவள் அம்மாவிடம், “இவரு பேசுவாராம்மா?” என்று கேட்டது வாசல் வரைக்கும் கேட்டது. அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. வாத்துகளோடு பிழைப்பு அமைந்தது என் அதிர்ஷ்டம். அவை விடாமல் பேசும், நம்மிடம் பதில் கேட்காது.

சுல்தான் வந்த கதை

எங்கள் ஊர் திருவையாற்றுக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையில் இருக்கிறது. பக்கத்து வீடு ஜமீலா அக்கா வீடு. அவர் வீட்டுக்காரர் குவைத்தில் கடை வைத்திருந்தார். வருஷக்கணக்காகப் போனிலேயே குடும்பம் நடத்தி அலுத்துப்போய், எல்லோரும் அங்கேயே போய்விடுவது என்று ஒரு நாள் முடிவானது. எல்லோருக்கும் பாஸ்போர்ட் எடுத்தார்கள். முயலுக்கு எடுக்க முடியாது.

அக்கா கூண்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். பேச்சு வசந்தாவிடம், கண் என்மேல்.

“வசந்தா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. அண்ணன் இதை அடிச்சு சாப்பிட்டுட மாட்டாருல்ல?”

“அய்யய்யோ, என்னக்கா இது!”

“இல்லம்மா, வாத்துக்காரரு வீடு பாரு. எம் பொண்ணு அழுவுறா. கேட்டுட்டுத்தான் குடுக்கணும்னா.”

“அதுவா போற வரைக்கும் நான் பாத்துக்கறேன்க்கா. சத்தியம்.”

நான் சிரித்துக்கொண்டு நின்றேன். சத்தியம் செய்தது வசந்தா. அதில் நான் மாட்டிக்கொள்வேன் என்று அப்போது தெரியாது.

அக்காவின் மகள் அதற்குச் சுல்தான் என்று பேர் வைத்திருந்தாள். பொருத்தமான பேர். எங்கள் மகள் கவிதா கல்யாணமாகி நன்னிலம் போனபிறகு வசந்தாவுக்கு வீட்டில் அதிகாரம் பண்ண ஆளில்லாமல் இருந்தது. சுல்தான் வந்து அவளையே அதிகாரம் பண்ண ஆரம்பித்தான். தெருவில் கீரைக்காரம்மா குரல் கேட்டால் போதும், கூண்டின் தகரத்தில் பின்னங்காலால் ஓங்கி ஒரு தட்டு. டம்! வசந்தா அடுப்பில் பாலை விட்டுவிட்டு ஓடுவாள். எனக்குக்கூட அவள் அப்படி ஓடினதில்லை.

கல்யாணச் சாவு

மார்கழிக் கடைசியில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் போய்ச் சேர்ந்தார். கொள்ளுப்பேரனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்த மனிதர். ஒரு நாள் படுத்ததில்லை. அப்படிப்பட்ட சாவை எங்கள் பக்கம் கல்யாணச் சாவு என்பார்கள். தப்படித்து, ஆடிப் பாடி, தெரு முழுக்கப் பூ இறைத்து, வெடி போட்டு அனுப்பி வைப்பார்கள்.

வெடி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. முன்பு ஒரு தரம் ஏதோ ஊர்வல வெடிக்கு மிரண்டு எங்கள் வாத்துக் கூட்டம் ரோட்டோரக் கல்யாண மண்டபத்துக்குள் புகுந்துவிட்டது. பந்தி நடந்துகொண்டிருந்த நேரம். பெண்ணின் அப்பா நல்ல மனிதர். “விருந்தாளிங்கதானே, விடுங்கப்பா” என்று சொல்லி, எடுத்த இலைகளையெல்லாம் பின்னால் போடச் சொன்னார். என்னையும் உட்காரச் சொன்னார். நான் கூச்சப்பட்டு வாசலிலேயே நின்றேன். அன்றைக்கு அந்த மண்டபத்தில் சாப்பிடாதவன் நான் ஒருவன்தான்.

சுல்தான் கதை அப்படிச் சிரிப்பாக முடியவில்லை. சரவெடி சரியாக எங்கள் வாசலில் வெடித்தது. கூண்டுக்குள் அவன் எகிறிக் குதித்து, சுழன்று, தகரத்தில் மோதினான். அவ்வளவுதான். புகை அடங்கிப் பார்த்தபோது முன்னங்கால் இரண்டும் நிற்கின்றன, இடுப்புக்குக் கீழே துணி மாதிரி கிடக்கிறது.

வசந்தா அழவில்லை. “ஏங்க, இவனுக்கு என்னமோ ஆயிடுச்சு” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

சாயங்காலம் குமார் வந்து பார்த்தான். அப்போது வாத்துகள் எங்கள் ஊர்க் குளத்திலேயே இருந்தன, அவன்தான் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

“மாமா, அக்கா இல்லாத நேரமாப் பாத்து சொல்லுங்க. நான் முடிச்சுத் தரேன். சும்மா கெடந்து கஷ்டப்படும்.”

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம். நொண்டி வாத்து பட்டியில் தங்கக் கூடாது. கூட்டம் ரோட்டைக் கடக்கும்போது ஒன்று நொண்டினால் பின்னால் வருவதெல்லாம் நிற்கும், பஸ்காரர் ஹாரன் அடிப்பார், எல்லாம் சிதறும். அதனால் சாயங்காலம் பட்டிக்குள் விடும்போதே கால் இழுக்கிறதைத் தனியாக எடுத்துவிடுவோம். அன்றைக்குக் குழம்பு அதுதான். இதில் கோபமும் இல்லை, பாவமும் பார்ப்பதில்லை. வாத்துக்கு நாங்கள் பேர் வைப்பதில்லை.

சுல்தானுக்குப் பேர் இருந்தது. அதுதான் தொந்தரவு.

முயல் என்ன வாத்துங்களா?

ஆனால் எனக்கு ஒரு யோசனை வந்தது.

குஞ்சு வாத்துக்குச் சில சமயம் கால் துவண்டுபோகும். அதற்கு மட்டும் வழக்கத்தில் ஒரு விலக்கு உண்டு. தரையில் விடாமல், நிழலான தண்ணீரில் கொஞ்ச நேரம் மிதக்க விட்டால், காலில் கனம் இல்லாமல் உதைத்து உதைத்துத் தெளிந்துவிடும்.

மறுநாள் காலையில் சுல்தானைத் துண்டில் சுற்றி வாய்க்காலுக்குக் கொண்டுபோனேன். மார்கழித் தண்ணீர், எனக்கே உடம்பு சிலிர்த்தது. வயிற்றைக் கையில் தாங்கி மெதுவாக இறக்கினேன். சுல்தானின் கண் இரண்டும் வெளியே வந்துவிடும்போல ஆனது. ஆனால் பின்னங்கால் அசைந்தது! இரண்டும் அசைந்தன. என் கண்ணால் பார்த்தேன்.

வீட்டுக்கு ஓடினேன். என் வாழ்க்கையில் தெருவில் நான் சத்தம் போட்டது அன்றைக்குத்தான். “வசந்தா! கால் ஆட்டுறான்!”

வசந்தா வந்து பார்த்தாள். நனைந்த எலி மாதிரி நடுங்கிக்கொண்டிருந்த சுல்தானையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது. உடனே துவட்டி, உலர்ந்த துண்டில் சுற்றிக் கூடையில் வைத்து, மொபெட்டை எடுக்கச் சொன்னாள். மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே மாடு, ஆடு, நாய் என்று கூட்டம். கூடையோடு ஓரமாக நின்றேன். ஆடு பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெரியவருக்குப் பொழுது போகவில்லை.

“என்னப்பா கூடையில, கோழியா?”

“இல்லீங்க.”

“வாத்தா?”

“இல்லீங்க.”

“பின்ன என்ன, பாம்பா?”

துண்டை விலக்கிக் காட்டினேன்.

“அட! இதுக்கா ஆஸ்பத்திரி வந்தே? மளிகைக் கடைக்குல்ல போயிருக்கணும், மிளகு வாங்க!”

ஆட்டைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். வசந்தா சிரிக்கவில்லை. என் முழங்கையில் ஒரு கிள்ளு விழுந்தது.

டாக்டர் சின்ன வயசுப் பெண். எங்கள் கவிதாவை விடக் கொஞ்சம் பெரியவராக இருக்கலாம். “பேரென்ன?” என்று கேட்டார். நான் என் பேரைச் சொன்னேன். “உங்க பேர் இல்லண்ணே, இவரோடது” என்றார்.

“சுல்தானுங்க.”

“அப்ப ராஜ வைத்தியம்தான் பாக்கணும்” என்று சொல்லி முதுகைத் தடவித் தடவிப் பார்த்தார். எப்படி ஆனது என்று வசந்தா சொன்னாள். நல்ல சேதி ஒன்று இருக்கிறதே என்று நானும் வாயைத் திறந்தேன்.

“தண்ணில விட்டா கால் உதைக்குதுங்கம்மா.”

“எந்தத் தண்ணில?”

“வாய்க்கால்லங்க.”

“இந்தக் குளிர்லயா? எதுக்கு?”

“வாத்துக்கு அப்படித்தாங்க செய்வோம்...”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “அண்ணே, முயல் என்ன வாத்துங்களா? பயத்துலயே செத்திருக்கும். அது உதைக்கல. தண்ணி ஓட்டத்துல கால் ஆடியிருக்கு.”

பிறகு பின்னங்கால் விரலை நகத்தால் அழுத்திக் காட்டினார். சுல்தான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்னங்காலை அழுத்தியதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். அதற்குமேல் எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ரெண்டு வழி

“முதுகெலும்புல அடி. கால் திரும்ப வராது” என்றார் டாக்டர். “ரெண்டு வழி இருக்கு. வலியில்லாம ஊசி போட்டு அனுப்பிடலாம். அது தப்பில்ல, நிறையப் பேர் அப்படித்தான் செய்வாங்க. இல்லேன்னா பாத்துக்கணும். பாத்துக்கறதுன்னா சும்மா இல்ல, தினமும். இவனால தானா மூத்திரம் போக முடியாது. காலையும் சாயங்காலமும் நீங்க அமுக்கி எடுக்கணும். துடைக்கணும், ஈரமே இருக்கக் கூடாது, ஈ மொய்க்கக் கூடாது. வைக்கோல் வேணாம், குத்தும். மெத்துனு துணிதான்.”

அமுக்குவது எப்படி என்று சொல்லி, என் கையைப் பிடித்து வயிற்றில் வைத்தார். “இங்க, எலுமிச்சம்பழம் மாதிரி தட்டுப்படுதா? மெதுவா.”

நான் மெதுவாகத்தான் அமுக்கினேன். அவன்தான் மெதுவாக விடவில்லை. கோயிலுக்குப் போகும்போது மட்டும் போடுகிற என் வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை வரைக்கும் நனைந்தது. வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டுக்காரப் பெரியவர், “கும்பாபிசேகம் ஆயிடுச்சுடா!” என்று கத்தினார். இந்தத் தடவை வசந்தாவும் சிரித்துவிட்டாள்.

சுல்தானும் சுகமாகிவிட்டான். காதைத் தளர்த்தி, முன்னங்கால் இரண்டையும் நக்கி நக்கி முகம் கழுவ ஆரம்பித்தான்.

“பாத்தீங்களா? இதைத்தான் கவனிக்கணும்” என்றார் டாக்டர். “முடிவை இப்பவே சொல்லாதீங்க. ஒரு வாரம் பாருங்க. சாப்பிடறானா, முகம் கழுவறானா, உங்களைப் பாத்தா வரானா. வாழணும்னு அவனுக்கு இருக்கான்னு தெரிஞ்சுடும். அப்புறம் உங்களுக்கு இருக்கான்னு பாத்துக்குங்க.”

வசந்தா வாய் திறக்காத வாரம்

டாக்டர் சொன்ன அந்த வாரம்தான் எங்கள் வீட்டில் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தது.

கவிதாவுக்கு வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். எங்களுடையது ஒரு கூடமும் ஓர் அறையும் உள்ள வீடு. சம்பந்தியம்மா போனில் பட்டும் படாமல் சொன்னார்: “குழந்த பொறக்கப்போற வீடு. முயல் மூத்திர வாடையெல்லாம் இருந்தா நல்லா இருக்காதுல்ல?” அவர் சொன்னதிலும் ஒன்றும் தப்பில்லை.

இன்னொரு பக்கம், மன்னார்குடிப் பக்கம் அறுப்பு மெஷின் இறங்கிவிட்டது. மெஷின் போன வயலுக்கு முதலில் போகிற கூட்டத்துக்குத்தான் நெல். குமார் வாத்துகளை ஓட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டான். போன் மேல் போன். “மாமா, எப்ப வரீங்க? தனியா ஒரு பக்கம் மடக்கினா இன்னொரு பக்கம் ஓடுது!”

ஆக, சுல்தான் வீட்டிலும் இருக்க முடியாது. பட்டியிலும் நொண்டிக்கு இடமில்லை. அமுக்கி, துடைத்துப் பார்க்க வேறு யாரும் வாங்கிக்கொள்ளவும் மாட்டார்கள். மிச்சம் இருந்தது ஊசி. இல்லாவிட்டால் குமார்.

வசந்தா என்னிடம் சொன்னாள்: “சத்தியம் பண்ணது என் வாய். இனிமே அந்த வாயால ஒண்ணும் சொல்லப் போறதில்ல. நீங்க என்ன முடிவு பண்ணாலும் சரி. என்கிட்ட வந்து கேக்காதீங்க.”

பேசாதவனிடம் பேச்சை ஒப்படைத்துவிட்டு அவள் பாட்டுக்குப் பிரசவ வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். பெட்டியிலிருந்து பழைய நூல் சேலைகளை எடுத்து, துவைத்து, வெயிலில் காயப்போட்டு, சதுரம் சதுரமாகக் கிழித்து அடுக்கினாள். பிறக்கிற குழந்தைக்குப் பழந்துணிதான் எங்கள் பக்கத்தில். துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன துணிதான் பச்சை உடம்புக்கு ஆகும். அவள் கல்யாணப் புதுசில் கட்டின ஊதாச் சேலைகூட அதில் இருந்தது. கிழிக்கும்போது ‘சர்’ரென்ற சத்தம் கூடம் முழுக்கக் கேட்கும்.

அந்தக் கூடத்தில்தான் நான் சுல்தானைத் துடைத்துக்கொண்டிருப்பேன். இரண்டு நாள் அவன் என்னைச் சட்டையே பண்ணவில்லை. கீரைக்காரம்மா குரல் கேட்கும்போது காது நிமிரும். பின்னங்காலைத் தட்டப் பார்ப்பான்போல, தோள் குலுங்கும். தட்டு வராது. அந்த நேரத்தில் நானும் வசந்தாவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வேறு எங்கேயாவது பார்த்துக்கொள்வோம்.

பிறகு ஒரு காலையில், “கீரை... அரைக்கீரை... முளைக்கீரை...” என்று குரல் வந்தது. சுல்தான் தன் அலுமினியக் கிண்ணத்தை விளிம்பில் பல்லால் கடித்தான். தலையை உயர்த்தினான். விட்டெறிந்தான்.

டங்!

வசந்தா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிகிற வாசனை வந்தது. அவள் அப்படியே திரும்பிப் போய்விட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. சொன்ன சொல் தவறாதவள்.

காதுகள் தெரிய ஒரு பயணம்

கவிதா வந்த அன்றைக்கே நான் கிளம்பினேன். அவள் கை நிறைய வளையல், நடந்தாலே வீடு சலசலத்தது. கூடையை மொபெட்டில் கட்டுகிறபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

“எங்கப்பா கொண்டு போற?”

“பட்டிக்கு.”

“பட்டில மாமா இருப்பாரே?”

“ம்.”

அவள் கூடைக்குள் கையை விட்டுக் காதைத் தடவிக்கொடுத்தாள். வசந்தா ஒரு பையைக் கொண்டுவந்து ஹேண்டில்பாரில் மாட்டினாள். “அரிசி, மிளகு, சோம்பு எல்லாம் மேல இருக்கு. மத்ததெல்லாம் அடியில இருக்கு” என்றாள். முகத்தைப் பார்க்கவில்லை.

உள்ளதைச் சொல்வதானால், நான் ஒரு முடிவும் எடுக்கவில்லை. பட்டிக்குப் போவோம், குமார் ஏதாவது செய்வான், அதுவே முடிவாக இருக்கட்டும் என்று போனேன்.

வழியில் வேடிக்கை. கூடைக்கு வெளியே இரண்டு காதும் காற்றில் பறந்தன. ரயில்வே கேட்டில் நின்றால் பள்ளிக்கூட வேன் முழுக்க, “முயலு! முயலு!” என்று ஒரே சத்தம். டீக்கடையில் நின்றால், “என்னண்ணே, வளக்குறீங்களா?” என்று ஒருவர். “கால் வராதாண்ணே?” என்று இன்னொருவர். பதில் சொல்லித்தானே ஆகவேண்டும்? சரவெடி, வாய்க்கால், டாக்டர், கிண்ணம் எல்லாவற்றையும் சொன்னேன். டீ ஆறிப்போனது. ஒரு மாசத்தில் பேசுகிற பேச்சை அந்தப் பெஞ்சிலேயே பேசி முடித்திருப்பேன். கடைக்காரர் ஒரு பிடி அருகம்புல் பிடுங்கி வந்து கூடையில் போட்டார்.

அங்கே பேசின வாய், பட்டிக்கு வந்ததும் ஒட்டிக்கொண்டது.

கூடையைப் பார்த்ததும் குமாருக்கு முகமெல்லாம் பல். “மாமான்னா மாமாதான்! அக்காவ எப்படி சரிக்கட்டினீங்க? எத்தன நாளா வாத்தையே தின்னுக்கிட்டு இருக்கறது?” என்று பையிலிருந்து மிளகை எடுத்துக்கொண்டு அம்மிக்குப் போய்விட்டான்.

நான் சிரித்தேன். பெரிய கஷ்டமெல்லாம் எனக்கு இந்தச் சிரிப்பால்தான் வருகிறது.

மறுபடியும் அம்மி

“மாமா, என்ன நின்னுக்கிட்டே இருக்கீங்க? கத்தி எங்க?”

கத்தி பையில்தான் இருக்க வேண்டும். கையை விட்டுத் துழாவினேன். அரிசிப் பொட்டலத்துக்குக் கீழே விரல் மெத்தென்று எதிலோ பட்டது. இழுத்தேன்.

ஊதாத் துணி. சதுரமாக, ஓரம் பிசிறில்லாமல் மடித்தது. அதன் கீழே இன்னொன்று. இன்னும் இழுத்தால் வந்துகொண்டே இருந்தது. பேரப்பிள்ளைக்கென்று அடுக்கி வைத்த அடுக்கில் சரிபாதியை வசந்தா எனக்குக் கட்டிக் கொடுத்திருந்தாள்.

குமார் அரைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். “என்ன மாமா, இங்கயா பிரசவம்?”

கூடைக்குள்ளிருந்து டங் என்று ஒரு சத்தம். கிண்ணத்தையும் அவள் கூடையிலேயே வைத்திருக்கிறாள். எனக்கு அதுவரை தெரியாது. அருகம்புல் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான் விஷயம். சுல்தானுக்குக் குமாரும் தெரியாது, மிளகும் தெரியாது. சாப்பாடு ஏன் இன்னும் வரவில்லை என்றுதான் அதிகாரம் பண்ணுகிறான்.

“மாப்ள” என்றேன். “இது குழம்புக்கு இல்ல.”

“என்னது?”

“இது நம்மகூட இருக்கப் போவுது. நான் பாத்துக்கறேன். காலையும் சாயங்காலமும் அமுக்கணும், துடைக்கணும். நாம போற ஊருக்கெல்லாம் வரும். கூடையிலதான் இருக்கும், ரோட்டுல எறங்காது, கூட்டத்துக்கு ஒரு இடைஞ்சலும் இல்ல.”

அவ்வளவு நீளமாக நான் பேசி அவன் கேட்டதில்லை. அம்மிக் குழவியைப் பிடித்தபடியே இருந்தான்.

“நொண்டி பட்டில தங்கக் கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான் மாமா.”

“ஆமா. அது வாத்துக்கு. முயல் என்ன வாத்தா?”

அந்த டாக்டரம்மா கேட்ட கேள்வி அந்த நேரத்தில் எனக்கு உதவியது.

குமார் அம்மியைப் பார்த்தான். நன்றாக மையாக அரைத்திருந்தான். வாசனை வயல் முழுக்க நிறைந்திருந்தது. “இதை என்ன பண்றது? கை கடுக்க அரைச்சிருக்கேன். முன்னாடியே வாயத் தொறந்து சொல்லித் தொலையக் கூடாதா?”

“முட்டை இருக்குல்ல” என்றேன்.

பட்டியைத் திரும்பிப் பார்த்தான். வாத்துகள் எல்லாம் ஒரே நேரத்தில் என்னவோ பேசிக்கொண்டிருந்தன. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குச் சாப்பிட்ட வாத்து முட்டைக் குழம்பு மாதிரி அதற்கு முன்னும் நான் சாப்பிட்டதில்லை, அதற்குப் பின்னும் சாப்பிட்டதில்லை.

வீட்டுக்குப் போன் போட்டேன். வசந்தா எடுத்தாள்.

“துணி இருந்துச்சு” என்றேன்.

“ம். பத்தலன்னா சொல்லுங்க” என்றாள்.

கவிதாவுக்கு ஆண் குழந்தை பிறந்த செய்தி வந்தபோது நாங்கள் நன்னிலம் பக்கத்தில் பட்டி போட்டிருந்தோம். நான் பேரனைப் பார்க்கப் போகவேண்டும். சுல்தானை அமுக்குவது எப்படி என்று குமாருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். ஆஸ்பத்திரியில் பேரனை என் கையில் கொடுத்த நேரத்தில் குமாரிடமிருந்து போன்.

“மாமா, உங்க சுல்தான் எம் மூஞ்சியிலயே அடிச்சுட்டான்!”

“நல்லா போனானா?”

“நல்லாத்தான் போனான்!” குரலில் ஒரு பெருமை தெரிந்தது. அதே நேரத்தில் என் மடியும் சூடாக நனைந்தது.

இப்போது மேய்ச்சல் ஓய்ந்து வீட்டில் இருக்கிறேன். வாடை அடிக்கிறதா என்று பார்க்க வந்த சம்பந்தியம்மாதான் சுல்தானுக்கு முதலில் கீரை வாங்குகிறார். இதை நான் எழுதுகிற கூடத்தில் ஒரு பக்கம் பேரன் மல்லாந்து படுத்துக் காலை உதைக்கிறான். இன்னொரு பக்கம் சுல்தான் முன்னங்காலால் தரையில் நீந்துகிற மாதிரி நகர்ந்து வருகிறான். கொடியில் ஊதாத் துணிகள் காய்கின்றன. எது பேரனுடையது, எது சுல்தானுடையது என்று எனக்கும் வசந்தாவுக்கும் தினமும் சண்டை. நேற்று காவிரிக்குப் போய்ப் படையல் போட்டுத் திரும்பும்போது, இதையெல்லாம் எழுதிப் போடுங்களேன் என்று அவள்தான் சொன்னாள். உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

ஆடிப்பெருக்குக்கு மறுநாள், கீரைக்காரம்மா வருகிற நேரம்.